11 மாத வீடு, 10க்கு 12 ஹால்: ஆணி அடிக்காமல் சமாளிப்பது எப்படி?

சென்னையில் ஒற்றைப் படுக்கையறை வீடு வாடகைக்குப் பார்த்தால் ஹால் பெரும்பாலும் 10க்கு 12 அடியை ஒட்டித்தான் இருக்கும். சில இடங்களில் அதுவும் இருக்காது. வந்தவர்கள் உட்காருவது, பிள்ளை வீட்டுப்பாடம் எழுதுவது, ஒருவர் லேப்டாப்பில் மீட்டிங் பேசுவது, ஊரிலிருந்து வந்த அம்மா அப்பா ராத்திரி படுப்பது எல்லாம் அந்த 120 சதுர அடியில்தான். போதாததற்கு "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது" என்று ஹவுஸ் ஓனர் முதல் நாளே சொல்லிவிடுவார்.

ஒப்பந்தமோ 11 மாதம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதைத் தாண்டாமல் இருக்க வந்த பழக்கம் இது. வீட்டை எத்தனை முறை நீட்டித்தாலும் நம் மனதில் அது அடுத்த வருஷம் காலி செய்யப் போகிற வீடுதான். அதனால் இந்த ஹாலுக்கென்று அளவெடுத்து எதையும் செய்யாதீர்கள். நடுத்தரையைக் காலியாக விட்டுவிட்டு, மற்றதெல்லாம் மடங்குகிற, அடுக்குகிற, பிரித்து எடுத்துப் போகிற சாமானாக இருந்தால் போதும்.

படி 1: சாமான் இறங்குவதற்கு முன் அளவெடுங்கள்

சாவி கைக்கு வந்ததும் ஒரு டேப்போடு போங்கள். நீளம், அகலம் மட்டும் போதாது. எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, திறந்தால் எவ்வளவு தரையை அடைக்கிறது, ஸ்விட்ச் போர்டு எங்கே, ஜன்னல் தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் தொடங்குகிறது, எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். மாடிப்படியின் அகலத்தையும் திருப்பத்தையும் சேர்த்து அளந்துவிடுங்கள். பீரோ வாசல்வரை வந்து, படித் திருப்பத்தில் சிக்கி நிற்பதை எல்லாத் தெருவிலும் பார்க்கலாம்.

அப்புறம் பழைய செய்தித்தாள்களை ஒட்டி, ஒவ்வொரு சாமானின் அளவுக்கும் தரையில் விரியுங்கள். திவான் என்றால் 6க்கு 3 அடி. மடக்கு மேஜை 4க்கு 2. ஒரு ஆள் படுக்கும் பாய்க்கு 6க்கு 3. எல்லாவற்றையும் விரித்துவிட்டு, வாசலிலிருந்து அடுப்படிக்கும் பாத்ரூமுக்கும் நடந்து பாருங்கள். 2 அடி வழி இல்லாத இடத்தில் ராத்திரி எழுந்து போகிறவர் யார் காலையாவது மிதிப்பார்.

படி 2: இடத்தைப் பிரிக்காதீர்கள், நேரத்தைப் பிரியுங்கள்

"இந்த மூலை ஆபீஸ், அந்த மூலை விருந்தினர்" என்று பெரிய வீட்டில் பிரிக்கலாம். இங்கே அது நடக்காது. ஹால் காலை 6லிருந்து ராத்திரி 11 வரை யாருக்கு, எதற்கு வேண்டும் என்று எழுதிப் பாருங்கள். காலையில் பாய் சுருட்டி, டிபன், பள்ளிக்கு அனுப்புவது. பத்து மணிக்கு மேல் வேலை. மாலையில் வீட்டுப்பாடமும் டிவியும் மோதும். ஒன்பதரைக்கு மேல் படுக்கை.

எழுதியதும் மோதல் எங்கே என்று தெரிந்துவிடும். அநேகமாக அது மாலை ஆறிலிருந்து எட்டு மணிக்குள் இருக்கும். அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தீர்வு கண்டால் பாதிப் பிரச்சினை முடிந்தது. என் சிபாரிசு: மீட்டிங்காரர் படுக்கையறைக்குப் போகட்டும். பிள்ளையை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினால் படிப்பு நடக்காது என்பது பெற்றவர்களுக்குத் தெரியும்.

படி 3: சோபா வேண்டாம்

இதில் மட்டும் கறாராகச் சொல்வேன். மூன்று பேர் உட்காரும் சோபா ஏறக்குறைய திவான் அளவு இடத்தைப் பிடித்துக்கொள்ளும்; ஆனால் கைப்பிடி இருப்பதால் காலை நீட்டிப் படுக்க முடியாது, கீழே சாமானும் வைக்க முடியாது. மடங்காது, பிரியாது. திவான் பகலில் நான்கு பேருக்கு உட்கார, ராத்திரி ஒருவருக்குப் படுக்க. நட்டு போல்ட்டைக் கழற்றிப் பிரிக்கிற மாதிரியாகப் பார்த்து வாங்குங்கள். கால் உயரம் ஓரடியாவது இருந்தால் கீழே சூட்கேஸ் தள்ளலாம், துடைப்பமும் நுழையும். கூட்டம் வந்தால், ஒன்றுக்குள் ஒன்று அடுக்கும் பிளாஸ்டிக் நாற்காலி நான்கு போதும். அடுக்கி வைத்தால் அவை ஒரே நாற்காலியின் இடத்தைத்தான் பிடிக்கும்.

வேலைக்கு 28லிருந்து 30 அங்குல உயரத்தில் ஒரு மடக்கு மேஜை. திவான்மேல் வைக்கிற குட்டி லேப்டாப் மேஜை பிள்ளை எழுதச் சரி. எட்டு மணி நேர வேலைக்கு அதை நம்பினால் முதுகு போய்விடும்.

படி 4: ஆணி இல்லாமல் மாட்டுவது

முதலில் சுவரை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளைப் பொடி ஒட்டினால் அது சுண்ணாம்போ மலிவான டிஸ்டெம்பரோ; ஒட்டும் ஹூக் எதுவும் அங்கே நிற்காது. போட்ட அன்று பிடித்திருக்கும், ராத்திரி பையோடு பெயிண்ட் பட்டையும் சேர்ந்து கீழே வரும். டைல்ஸ், கண்ணாடி, வழவழப்பான மைக்கா கதவு ஆகியவற்றில் அதே ஹூக் நன்றாகப் பிடிக்கும், ஒட்டுமுன் ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் இல்லாமல் துடைத்தால்.

இரும்பு பீரோ இருக்கிறதா? அதன் பக்கவாட்டுத் தகடு சும்மா கிடக்கிற சுவர். காந்த ஹூக் வாங்கி ஒட்டினால் சாவி, குடை, பள்ளி ஐடி கார்டு எல்லாம் தொங்கும். ஜன்னல் கம்பியில் எஸ் வடிவக் கொக்கி மாட்டலாம். கதவின் மேல்விளிம்பில் மாட்டுகிற ஹூக் வரிசையும் கடையில் கிடைக்கிறது.

பழைய வீடுகளின் ஹாலில் கதவில்லாத கடப்பா கல் ஷெல்ஃப் ஒன்று கட்டாயம் இருக்கும். அதுதான் இந்த ஹாலின் சொத்து. ஷெல்ஃப் வாயின் இரண்டு பக்கத்துக்கும் நடுவே அழுத்தி நிற்கிற ஸ்பிரிங் ராடைச் செருகி, ஒரு பழைய காட்டன் புடவையை வெட்டித் திரையாக்கிவிடுங்கள். மேல்தட்டில் சாமி படம், நடுவில் புத்தகமும் சார்ஜரும், கீழ்த்தட்டில் பிள்ளையின் விளையாட்டுச் சாமான். யாராவது வந்து காலிங் பெல் அடித்தால் திரையை இழுத்துவிட்டால் வேலை முடிந்தது.

சுவரில் ஏற்கெனவே ஆணி இருந்தால் அதை மட்டும் பயன்படுத்துங்கள், குடிவந்த அன்றே நான்கு சுவரையும் தேதியோடு போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவையுங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்தம் பற்றிப் பேச்சு வந்தால் உதவும்.

படி 5: கரண்ட்

ஹாலில் பிளக் பாயின்ட் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். உடனே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வந்துவிடும். 6 ஆம்பியர் பிளக் என்றால், 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1,380 வாட் வரைதான் தாங்கும். லேப்டாப், ரவுட்டர், டிவி தாராளமாக ஓடும். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியோடு, அதிக வாட் இழுக்கும் இன்னொன்றைச் சேர்த்தால் எல்லையைத் தொட்டுவிடும். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை அதில் செருகவே கூடாது. ஃபிரிட்ஜ் ஹாலில்தான் நிற்கப்போகிறது என்றால் அதற்கு நேரடியான சுவர் பிளக்கை ஒதுக்கி, பின்னால் காற்று போக நாலைந்து அங்குலம் விடுங்கள். ஒயர் நடுத்தரையில் குறுக்கே போகாமல் சுவரோரமாகவே ஓடட்டும்.

படி 6: ராத்திரிப் படுக்கை

கோரைப்பாயும் மெல்லிய பஞ்சு மெத்தையும் போதும். கனமான மெத்தை வாங்கினால் தினமும் தூக்க ஆளிருக்காது, அது தரையிலேயே கிடக்க ஆரம்பித்துவிடும். அதோடு ஹால் படுக்கையறையாகிவிட்டது என்று அர்த்தம். காலையில் போர்வைகளை மடித்து, பழைய தலையணை உறையில் திணித்து வாயைக் கட்டினால் திவானுக்குத் திண்டு. பாயைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் நிறுத்துங்கள். இலவம்பஞ்சு மெத்தையை வாரம் ஒரு முறை மாடி வெயிலில் போட்டு எடுத்தால் ஈர வாடை வராது.

படி 7: மழைக்காலம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாடிக்கொடி கை கொடுக்காது, ஈரத்துணியும் ஹாலுக்கே வரும். சக்கரம் வைத்த மடக்கு ஸ்டாண்டு ஒன்று வாங்குங்கள். ராத்திரி பாய் போட்ட பிறகு மீதி இருக்கிற இடத்தில், ஃபேனுக்குக் கீழே, துணிகளுக்கு நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி விட்டுக் காயப்போடுங்கள். ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்தால் சீக்கிரம் காயும். ஜீன்ஸும் போர்வையும் அன்றைக்குத் துவைக்க வேண்டாம்.