இடுப்பில கத்தி கொண்டு போறவைக்கு: உறுத்தாத உறை ஒண்டைத் தெரிவு செய்யிறது எப்பிடி

வன்னியில விடிஞ்சா கத்தி எடுக்காமல் வெளிக்கிடுற வீடு குறைவு. வேலிக்குக் கதியால் வெட்ட, ஆட்டுக்குக் குழை முறிக்க, வாய்க்காலுக்க சாஞ்சு கிடக்கிற நாயுண்ணிப் பத்தையை வழிக்க, வைகாசி ஆனியில பாலைப்பழத்துக்கும் தேனுக்கும் காட்டுக்க போக எண்டு எல்லாத்துக்கும் அது வேணும். ஆனா கம்மாலையில சொல்லி, லொறி ஸ்பிரிங் பிளேட்டில பதமா அடிப்பிச்சு, பிடிக்கு நல்ல மரம் தேடிப் போடுவிக்கிற ஆக்கள் உறை எண்டு வந்தவுடன ஒரு யூரியாப் பையைக் கிழிச்சுச் சுத்திப்போட்டு சாரத்து மடிப்புக்க செருகிக்கொண்டு போகினம். அதைப் பாக்க எனக்குப் பொறுக்கிறேல்ல. வெட்டேக்க ஆள் கவனமாத்தான் இருப்பார், கையும் கண்ணும் அதிலதான் நிக்கும், காயம் வாறது வெட்டாத நேரத்திலதான், வரம்பு தாண்டேக்க, சைக்கிளால விழேக்க, குந்தி இருந்திட்டு எழும்பேக்க.

உறை இருக்கிற ஆக்களும் கன பேர் அதைக் கட்டுறேல்ல. கேட்டா உறுத்துது எண்டுவினம். உறுத்துற உறையை ஒருத்தரும் நெடுக கட்ட மாட்டினம், கழட்டி ஆணியில கொழுவிப்போட்டு திரும்பவும் வெறுங்கத்தியைச் செருகத் தொடங்கிடுவினம், அதால வசதியைத்தான் முதல் பாக்கவேணும், வடிவும் விலையும் பிறகு.

முதல்ல கத்தியின்ர அளவு. பிடியோட சேத்து ஒரு அடிக்குள்ள நிக்கிற கத்திதான் இடுப்புக்கு ஏத்தது. மன்னாக்கத்தி மாதிரி நீளமானதை இடுப்பில கட்டினா குந்தேக்க நுனி நிலத்தில முட்டும், பிடி மேல எழும்பி விலாவில குத்தும், எவ்வளவு நல்ல உறை தைச்சாலும் அது சரிவராது. நீளக்கத்திக்கு ரெண்டு பக்கமும் பலகை வைச்ச கூடு போட்டு சைக்கிள் பாரிலயோ லான்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) பெட்டிக்கையோ கட்டிக்கொண்டு போங்கோ. சத்தகம், வில்லுக்கத்தி போல சின்னதுகளுக்குப் பெரிய ஆரவாரம் தேவையில்ல. நான் கதைக்கிறது இடைப்பட்ட கத்தியளைப் பற்றி.

இடுப்பில எந்த இடத்தில கட்டுறது எண்டதுதான் முக்கால்வாசி விசயம். சீவல் தொழிலாளியளைப் பாருங்கோ. பாளைக்கத்தி எண்டது சவர அலகுக்குக் கிட்ட நிக்கிற கூர், அதை இயனக்கூட்டுக்க போட்டு இடுப்பின்ர பின்பக்கமாத் தொங்கவிட்டுக்கொண்டுதான் பனையில ஏறுவினம். ஏனெண்டா ஏறேக்க நெஞ்சும் வயிறும் தொடையும் மரத்தோட ஒட்டி உரசிக்கொண்டு போகும், முன்பக்கம் ஒண்டும் இருக்கக்கூடாது, தளைநார் காலில இறுகி நிக்கேக்க கை மட்டும் பின்னால போய்க் கூட்டைத் தொடவேணும், பாக்காமலே. உடம்பு என்ன வேலை செய்யுதோ அதுதான் கூட்டின்ர இடத்தைத் தீர்மானிச்சிருக்கு. அதே கூட்டை லான்ட்மாஸ்டர் ஓடுறவர் கட்டினா சீற்றில முட்டி முட்டி முதுகை எடுத்துப்போடும். அவற்ர வேலை வேற.

அதால வாங்க முதல் ஒரு பரிசோதனை செய்து பாருங்கோ. காய்ஞ்ச தென்னை மட்டையில உங்கட கத்தியின்ர அளவுக்கு ஒரு துண்டு சீவி எடுத்து பெல்ட்டில கட்டிக்கொண்டு ஒரு காலமை முழுக்க உங்கட வழமையான வேலையைச் செய்யுங்கோ. குந்துங்கோ, குனிஞ்சு நாத்துப் பிடுங்குங்கோ, மோட்டர்சைக்கிளில ஏறி இறங்குங்கோ, முள்ளுக்கம்பிக்கு இடையில பூருங்கோ. எங்க உரசுது, எங்க குத்துது எண்டு மட்டை சொல்லிடும், கத்தியில்லாதபடியால் காயமும் வராது.

வலக்கைக்காரருக்குப் பொதுவா நல்ல இடம் வலப்பக்கம், இடுப்பெலும்புக்குக் கொஞ்சம் பின்னால. எலும்புக்கு நேர் மேல கட்டினா மத்தியானத்துக்குள்ள தோல் சிவந்திடும். எலும்பைத் தாண்டிப் பின்னால இருக்கிற சதைப்பிடிப்பான பள்ளத்தில உறை தன்பாட்டில படிஞ்சு நிக்கும், குந்தேக்க தொடையும் அதை மேல தள்ளாது. நெடுக இருந்து ஓடுற வேலைக்காரர் இடப்பக்கம் முன்னுக்குச் சரிவாக் கட்டி வலக்கையால குறுக்க இழுக்கிறது வசதி, ஆனா அப்பிடிக் கட்டினா நுனி அடிவயித்தையோ தொடை இடுக்கையோ பாக்காமல் வெளிப்பக்கம் இடப்பக்க இடுப்பைப் பாத்தபடி சரிஞ்சிருக்கவேணும். நடு முதுகில மட்டும் கட்டாதேங்கோ. வழுக்கி மல்லாக்க விழுந்தா முள்ளந்தண்டுக்கு நேர கத்திப்பிடி நிக்கும்.

உயரமும் பாக்கவேணும். பிடியின்ர மேல்நுனி விலா எலும்புக்குக் கீழ நிக்கவேணும், குனியேக்க குத்தக்கூடாது. அப்பிடியெண்டு நல்லாக் கீழ இறக்கினாலும் கரைச்சல், சீற்றில இருக்கேக்க உறை அடியில முட்டி கத்தி தானா மேல எழும்பி வரும், இருக்கிறவருக்கு அது தெரியாது. இதுக்கு நல்ல வழி, பெல்ட் வாருக்கும் உறைக்கும் இடையில ஒரு வளையம் போட்டுத் தொங்கவிடுறது. இருந்தா உறை தானா ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும். ஓடேக்க ஆடும், அதுக்குக் கீழ் நுனியில ஓட்டை வைச்சு ஒரு நாடாவால தொடையோட தளர்வாக் கட்டலாம். காட்டுக்க போறவைக்கு நான் உதைத்தான் சொல்லுவன்.

பெல்ட்டில ஆக்கள் கவனம் வைக்கிறேல்ல. உறை எவ்வளவு நல்லதெண்டாலும் பெல்ட் சவளையா இருந்தா பாரத்துக்கு ஒரு பக்கம் இழுபட்டு, பின்னேரம் இடுப்பு நோகும். ஒன்றரை அங்குல அகலத்தில தடிச்ச தோலோ தடிச்ச நாடாவோ எடுங்கோ. உறையில இருக்கிற வார் அந்தப் பெல்ட்டுக்குச் சரியாப் பிடிக்கவேணும், அகலமா இருந்தா உறை முன்னும் பின்னும் வழுக்கும். சாரம் கட்டுறவை சாரத்து மடிப்பை நம்பாமல் அதுக்கு மேலால தனிப் பெல்ட் கட்டுங்கோ. நோர்வே சுவீடன் பக்கமிருந்து வாற சொந்தக்காரர் சில வேளை பிளாஸ்டிக் உறையோட சின்னக் கத்தியள் கொண்டு வந்து தருவினம், நல்ல கத்தி, நல்ல உறை, ஆனா கிளிப் போட்ட உறையெண்டா மெல்லிய துணியில நிக்காது, சூரை முள்ளு ஒருக்கா பிடிச்சு இழுத்தாக் காணும், கத்தியோட போயிடும். பெல்ட் முழுசா உள்ளால போய் வாற வார்தான் நம்பிக்கை.

இனி என்னத்தில செய்த உறை. காட்டுக்குத் தோல், வயலுக்குப் பிளாஸ்டிக், இவ்வளவுதான் என்ர முடிவு. தோல் உடம்போட படியும், சத்தம் போடாது. ஆனா தண்ணியைக் குடிச்சு வைச்சிருக்கும், மாரியில ஐப்பசி தொடங்கினா தை மட்டும் ஒழுங்கா காயவே காயாது. சேத்துக்க நிக்கிறவருக்கு எஸ்லோன் பைப்பில (தண்ணிக்குப் போடுற பிவிசி குழாயில) செய்த உறையே போதும், கழுவி உதறிக் கொழுவலாம். மோட்டர்சைக்கிள் டியூப்பில சுத்துற பழக்கமும் இருக்கு, அது வேர்வையைப் பூட்டி வைச்சு ஒரு கிழமையில அலகைக் கறளாக்கும், கூர் பட்டா டியூப்பும் லேசா வெட்டுப்படும். விட்டுடுங்கோ.

பைப்பில செய்யிறதெண்டா அளவு இப்பிடிப் பாருங்கோ: வட்டப் பைப்பைத் தட்டையாக்கினா வாற அகலம், வெளி விட்டத்தின்ர ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் கூட. அலகின்ர அகலத்தை விட ரெண்டு பக்கமும் கொஞ்சம் இடம் வர்ற பைப்பா எடுங்கோ. எஸ்லோன் 80 பாகை செல்சியசுக்குக் கிட்டவே இளகத் தொடங்கும், அதால கொதிதண்ணி போதும், தடிச்ச பைப்பெண்டா ஹீட் கன் பிடிக்கலாம். நெருப்பில காட்டாதேங்கோ, கருகினா வாற புகை அமிலப் புகை, நெஞ்சை அரிக்கும். இளகினவுடன கடுதாசி சுத்தின கத்தியை உள்ளுக்க வைச்சு, ரெண்டு பலகைக்கு இடையில அமத்தி, ஆறும்வரை அசைக்காமல் விடுங்கோ. நுனியில ஒரு ஓட்டை கட்டாயம், தண்ணியும் மண்ணும் இறங்க.

தோலுறை தைப்பிக்கிறதெண்டா சந்தைப் பக்கம் சப்பாத்து தைக்கிற ஐயாமாரிட்டக் குடுங்கோ. கிளிநொச்சியில எனக்குத் தைச்சுத் தந்தவர் ஒரு ஐயா, நான் கடுதாசியில கீறிக்கொண்டு போன அளவைப் பாத்திட்டு, "தம்பி, உதை வைச்சு நான் கத்திரிக்கோல் பிடிக்க மாட்டன், கத்தியையும் கொண்டு வாரும், நீர் கட்டுற பெல்ட்டையும் கொண்டு வாரும்" எண்டு திருப்பி அனுப்பினார். அவர் சொன்னது முழுக்கச் சரி. கத்தியின்ர தடிப்பு கடுதாசியில வராது.

அவையிட்ட நீங்கள் கட்டாயம் கேக்கவேண்டியது ஒண்டு இருக்கு. அலகின்ர கூர்ப்பக்கம் ரெண்டு தோலும் சேர்ற இடத்தில, இடையில இன்னொரு தோல் பட்டியை வைச்சு மூண்டையும் சேத்துத் தைக்கவேணும். அந்த இடைப்பட்டி இல்லாட்டி ஒவ்வொரு தரம் செருகேக்கையும் கூர் நேர போய் நூலில முட்டும், நூல் ஒவ்வொண்டா அறும், வெளியால ஒண்டும் தெரியாது, ஒருநாள் உறை பக்கத்தால பிளந்து அலகு வெளிய எட்டிப் பாக்கும். கடையில ரெடிமேட்டா வாங்கேக்கையும் விளிம்பை உத்துப் பாருங்கோ, மூண்டு அடுக்குத் தெரியவேணும். நூலுக்கு முல்லைத்தீவுக் கரையில வலை பொத்துற நைலோன் நூல் அருமை, அதைத் தேன்மெழுகில ரெண்டு மூண்டு தரம் இழுத்துக் குடுத்தா தண்ணிக்கும் நிக்கும், தையலும் இறுகிப் பிடிக்கும்.

தைச்ச பிறகு தோலைச் சாதாரண தண்ணியில ஊறவிட்டு, எண்ணெய் பூசி பொலித்தீன் சுத்தின கத்தியை உள்ளுக்க வைச்சு, விரலால பிடிப் பக்கத்தை அமத்தி அமத்தி உருவம் எடுத்து, நிழலில காயவிடுங்கோ. வெயிலில போட்டா சுருங்கிக் கட்டையாயிடும். இப்பிடிச் செய்த உறைக்கு பிடியை அமத்துற வார் கூட பெரிசாத் தேவைப்படாது, எண்டாலும் போடுங்கோ. பட்டன் வார் பிடியைச் சுத்தி வரவேணும், இழுக்கேக்க கூர் அதில படாத பக்கமா, பெருவிரலால தட்டினாத் திறக்கிற மாதிரி. பிடிக்குதோ எண்டு பாக்கிறது லேசு: வாரைத் திறந்துவிட்டு, மணல் தரைக்கு மேல உறையைத் தலைகீழாப் பிடிச்சு உதறுங்கோ, காலைத் தள்ளி வைச்சுக்கொண்டு. கத்தி அசையலாம், விழக்கூடாது. விழுந்தா அந்த உறை இடுப்புக்கு வேண்டாம்.

உதையெல்லாம் இவ்வளவு நுணுக்கமாச் சொல்லுறதுக்கு ஒரு காரணம் தொடை இடுக்கில ஓடுற பெரிய நாடி. அது வெட்டுப்பட்டா நிமிசக் கணக்கில ஆள் போயிடும், முத்தையன்கட்டுக் காட்டுக்கையோ நெடுங்கேணிப் பக்கத்து வயலுக்கையோ இருந்து ஆசுப்பத்திரிக்கு வர எவ்வளவு நேரம் எடுக்கும் எண்டு உங்களுக்கே தெரியும். அப்பிடி ஏதும் நடந்தா சாரத்தைக் கழட்டி மடிச்சு காயத்தில வைச்சு முழுப் பலத்தோட அமத்துங்கோ, நிண்டிட்டுதோ எண்டு எடுத்து எடுத்துப் பாக்கக்கூடாது, பக்கத்தில நிக்கிறவர் 1990க்கு அடிக்கட்டும், அம்புலன்சுக்குக் காசில்ல. கத்தி உடம்பில ஏறி நிண்டா இழுக்காதேங்கோ. காட்டுக்குத் தனிய போகாமல் இருக்கிறதும், மிதிவெடிப் பலகை போட்ட பக்கம் ஒரு தடி வெட்டக்கூட இறங்காமல் இருக்கிறதும் நான் சொல்லித் தெரியவேண்டியதில்ல.

ரவுணுக்கு, பஸ்ஸுக்கு, கோயிலுக்குப் போகேக்க இடுப்பில கட்டிக்கொண்டு போகாதேங்கோ. அதிலும் சேட்டுக்குள்ள மறைச்சுக் கட்டுறது கூடவே கூடாது. வேலைக்குக் கொண்டு போற கத்தி வெளிய தெரியிற உறையில இருந்தா வயல்காரர் எண்டு பாக்கிறவைக்கே விளங்கும், மறைச்சு வைச்சிருந்து சோதனைச்சாவடியில தட்டுப்பட்டா எதுக்கு எண்டு விளங்கப்படுத்திற பாடு உங்களுக்குத்தான். வேலை முடிஞ்சா கழட்டி, பையில சுத்தி, சைக்கிள் காரியரில கட்டுங்கோ. ஆமிக்கலர், புள்ளிப் புள்ளித் துணி உறையளையும் எங்கட இடத்தில தவிர்க்கிறது நல்லது, தேவையில்லாத கேள்வி வரும். சாதாரண மண்ணிறத் தோல் போதும்.

வீட்டை வந்தா கத்தியைத் தோலுறைக்கையே விட்டிடாதேங்கோ. தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்ட தோலில இருக்கிற சரக்கும் இரும்பை அரிக்கும், பித்தளை ஆணி இருந்தா அதைச் சுத்திப் பச்சையாப் பூக்கிறதைக் காணலாம். அலகைத் துடைச்சு எண்ணெய் பூசி பிள்ளையளுக்கு எட்டாத உயரத்தில தனிய வையுங்கோ, உறையை வாய் கீழ பாக்க நிழலில தூக்குங்கோ. தோலுக்கு மாரி தொடங்க முதல் ஒருக்கா, கோடை தொடங்கேக்க ஒருக்கா மெழுகு பூசினாக் காணும், எண்ணெயை அள்ளி ஊத்தினா தோல் இளகி, இறுக்கிப் பிடிக்கிற வாய் தளர்ந்திடும்.