டிடெக்டருக்கு வெளிச்சம் ஆகாது: புதியவர்கள் செய்யும் தவறுகள்

கேபிளை மாற்றிச் செருகுவது, சிறு துடிப்புகளை வடிகட்டும் டிஸ்கிரிமினேட்டரின் அளவைத் தப்பாக வைப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை பத்து நிமிடத்தில் தாமாகவே தெரிந்துவிடும். துகள்களை அளக்கும் டிடெக்டருக்கு வெளிச்சத்தால் வரும் கேடு அப்படித் தெரிவதில்லை.

ஹை வோல்டேஜ் ஓடும்போது மூடியைத் திறப்பது

காஸ்மிக் கதிர்களால் உண்டாகும் மியூவான் துகள்களை எண்ணும் கவுன்டர் கட்டிக்கொண்டிருந்த மாணவர் ஒருவர் வந்து, "அக்கா, ட்யூப் செத்துடுச்சு போல. கவுன்ட் பூஜ்யம்தான் வருது. 1400 வோல்ட் வரைக்கும் ஏத்திப் பார்த்துட்டேன்" என்றார். போய்ப் பார்த்தால், பெட்டியின் மூடி ஓரமாக விலகியிருந்தது. மேலே ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

அவர் சொன்ன ட்யூப், மங்கலான ஒளியையும் மின் துடிப்பாக மாற்றும் போட்டோமல்டிப்ளையர். அதன் முகப்புக் கண்ணாடியில் ஒரு போட்டான் பட்டு ஓர் எலக்ட்ரான் கிளம்பினாலே போதும், உள்ளே வரிசையாக இருக்கும் டைனோடு என்ற மின்தகடுகளில் மோதி மோதி அது ஏறத்தாழ 10 லட்சமாகப் பெருகும். அறை வெளிச்சம் விழுந்தால் எலக்ட்ரான்கள் தனித்தனித் துடிப்பாக வராமல் வெள்ளமாக வரும். கவுன்டர் எண்ணுவது துடிப்பை மட்டும்தான். அதனால் வெளிச்சம் மிகுந்தால் சில சமயம் பூஜ்யம் காட்டும். அதைப் பார்த்து வோல்டேஜை ஏற்றுகிறவர்கள்தான் எனக்கு எரிச்சலூட்டுகிறார்கள். பக்கத்திலேயே ஹை வோல்டேஜ் சப்ளையின் கரண்ட் மீட்டர் எகிறி நிற்கும். அதை ஒருவரும் பார்ப்பதில்லை! பல ட்யூப்களுக்கு அனோட் கரண்டின் உச்ச வரம்பே 0.1 மில்லியாம்ப்தான்.

ட்யூப் முழுதாகச் செத்துவிட்டால் நல்லது, தூக்கிப் போட்டுவிடலாம். அரைகுறையாகப் பிழைத்தால்தான் தொல்லை. கடைசி டைனோடுகள் தேய்ந்து பெருக்கம் குறைந்திருக்கும், இருட்டிலும் வீண் கவுன்ட் கூடியிருக்கும். யாரிடமும் சொல்லாமல் அதை அலமாரியில் வைத்துவிடுவார்கள். அடுத்த செமஸ்டரில் இன்னொருவர் அதை எடுத்து, துகள் பட்டால் ஒளிரும் தன் சின்டிலேட்டரில்தான் கோளாறு என்று வாரக்கணக்கில் தேடுவார்.

முதலில் வோல்டேஜை இறக்குங்கள், பிறகு திறங்கள். மூடிய பின் 500 வோல்ட்டில் தொடங்கி, கரண்ட் மீட்டரைப் பார்த்துக்கொண்டே படிப்படியாக ஏற்றுங்கள்.

வோல்டேஜ் இல்லையென்றால் வெளிச்சம் பட்டால் என்ன?

உடையாது. ஆனால் ட்யூப்லைட்டோ வெயிலோ பட்ட ட்யூப் பல மணி நேரம் வீண் கவுன்ட் கொடுக்கும். ஓர் இரவு இருட்டில் கிடக்கட்டும்.

கறுப்பாக இருப்பதெல்லாம் ஒளியை மறைக்கும் என்று நம்புவது

டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஒளிக் கசிவைக் கண்ணால் தேடுவது

வேண்டாம். அறை விளக்கை அணைத்தும் போட்டும் கவுன்ட்டை ஒப்பிடுங்கள், மாறினால் கசிவு. பழைய சோக் வைத்த ட்யூப்லைட் என்றால் ஆசிலோஸ்கோப்பே காட்டிக்கொடுக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது நொடிக்கு 100 தடவை மின்னுவதால், கசிவும் அதே தாளத்தில் ஏறி இறங்கும். பெரும்பாலும் கேபிள் வெளியேறும் துளைதான் குற்றவாளி. இன்சுலேஷன் டேப் கோடையில் பசை இளகி நகர்ந்துவிடும், ஒட்டிவிட்டோம் என்று மறந்துவிடாதீர்கள்.

சிலிக்கனை விட்டுவிடுவது

ஆல்பா துகள் அளக்கும், சிலிக்கனால் ஆன சர்ஃபேஸ் பேரியர் டிடெக்டருக்கும் இதே கதைதான். சிலிக்கனில் எலக்ட்ரானைக் கிளப்ப 1.1 எலக்ட்ரான்வோல்ட் போதும். கண்ணுக்குத் தெரியும் எல்லா ஒளியிலும் அதைவிட அதிகம் உண்டு, முகப்பிலுள்ள தங்கப் பூச்சோ ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியது. சிவப்பு விளக்கில் வேலை செய்தால் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம். சிலிக்கன் அகச்சிவப்பையும் பார்க்கும். அறை முழுக்க இருட்டாக இருந்தும் இரைச்சல் குறையவில்லையா? வாக்குவம் சேம்பருக்குள்ளேயே அழுத்தம் அளக்கும் அயனைசேஷன் கேஜின் இழை எரிந்துகொண்டிருக்கும். அதை அணையுங்கள்.