மூச்சுப் பயிற்சி: தலை சுற்றினால் எங்கே தப்பு?

ஷிப்மென்ட் தேதி நெருங்கிவிட்டால் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் முதலாளி முதல் செக்கிங் அக்கா வரை யாருக்கும் தூக்கம் இருக்காது. "மூச்சுப் பயிற்சி பண்ணுங்க, டென்ஷன் குறையும்" என்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் செய்து பார்த்தவர்களில் சிலர், "ஏனுங்க, தலை கிர்ருன்னு சுத்துதுங்க" என்று அன்றோடு விட்டுவிடுகிறார்கள்.

ஆழமாக மூச்சு விடு என்றதும் நிறையவும் வேகமாகவும் இழுப்பதால் வருகிற வினை இது. அப்படி இழுக்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு அளவுக்கு மேல் குறைகிறது, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தலை சுற்றும், விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகும். இதைச் 'சக்தி ஏறுது' என்று சொல்பவர்களும் உண்டு. நம்பாதீர்கள். நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விட்டால் சில நிமிடங்களில் சரியாகிவிடும்.

பலரும் கோட்டைவிடுவது மூச்சை வெளியே விடுவதில்தான். உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் கூடும், விடும்போது குறையும். அதனால் விடும் நேரம் நீள வேண்டும். மூக்கு வழியாக 4 எண்ணும் வரை இழுத்து, 6 எண்ணும் வரை விடுங்கள். சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை வரை ஓடும் மூச்சு இப்போது 6 முறைக்கு இறங்கும். முடியவில்லையா, 3க்கு 4 போதும். தம் கட்டி எண்ணிக்கையைப் பிடிப்பது இன்னொரு டார்கெட் ஆகிவிடும். கம்பெனியில் இருப்பது பத்தாதா? தோள் ஏறி இறங்காமல் வயிறு அசைகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இழுத்ததைப் போல நான்கு மடங்கு நேரம் அடக்கும் பயிற்சியை வீடியோ பார்த்துத் தொடங்காதீர்கள், அதற்கு ஆசிரியர் வேண்டும். மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி, உடம்பை முடுக்கிவிடும் வகை. தூங்கப் போகும்போது அதைச் செய்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்று புலம்பிப் பயனில்லை. ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அரிசிம்பருப்பு சோற்றை ஒரு கட்டு கட்டிய கையோடு உட்காராதீர்கள். அப்புறம், இடம். நூல் மில்லில் பஞ்சு பறக்கும் கூடத்தில் இடைவேளையில் உட்கார்ந்து ஆழமாக மூச்சு விட்டால் தூசியும் ஆழமாகத்தான் போகும். வெளியே மரத்தடிக்கு வந்துவிடுங்கள்.

மில் வேலைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகி, அடுத்தடுத்த நாட்களில் தேவலாம் போல இருந்தால் அது டென்ஷன் அல்லாமல் பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோயாக இருக்கலாம். மூச்சுப் பயிற்சியால் அது தீராது. நுரையீரல் மருத்துவரிடம் போய், எந்த நாளில் இறுக்கம் அதிகம் என்பதையும் சொல்லி, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். வேலையால் வரும் நோய்கள் என்று சட்டம் ஏற்றுக்கொண்ட பட்டியலில் இந்த நோயும் இருக்கிறது.