ஆங்கிலப் பேச்சு வீடியோ: மலையகப் பாடசாலைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேசி வீடியோ அனுப்பு" என்று இலங்கையின் மலையகத் தோட்டப் பாடசாலைகளில் தரம் 8 பிள்ளைகளுக்கு ஒப்படை கொடுத்தால் பெரும்பாலும் ஒரே மாதிரியான வீடியோதான் வந்து சேரும். தோட்டத்து வரிசை வீடான லயத்தின் சுவரையொட்டி விறைத்து நிற்கும் பிள்ளை. போனுக்குப் பின்னால் அக்கா தூக்கிப் பிடித்திருக்கும் கொப்பி. இடமிருந்து வலமாக ஓடி, வரி முடிந்ததும் சட்டென்று திரும்பி வரும் கண்கள். ஆங்கிலம் பிழையில்லாமல் இருக்கும். ஆனால் அது வாசிப்பு. மறுநாள் வகுப்பில் அதே விஷயத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும்.

பதினோராம் தரத்துப் பொதுப் பரீட்சையான சாதாரண தரம் வரை ஆங்கிலம் எழுதித் தேறும் பாடமாகவே பழகிப்போன இடத்தில், வாயைத் திறக்கக் கிடைக்கும் சில சந்தர்ப்பங்களில் இதுவும் ஒன்று. அதையும் மனப்பாடமாக்கிவிட்டால் மிஞ்சுவது ஒரு வீடியோ கோப்பு மட்டும். கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் கேமராவைத் திறக்கும் முன்பே நடந்து முடிந்துவிடுபவை.

எழுதிக் கொடுப்பது

முதல் தவறு, முழுப் பேச்சையும் ஆசிரியரோ அண்ணனோ டியூஷன் சேரோ எழுதிக் கொடுப்பது. இப்போது அந்த வேலையைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியும் செய்துவிடுகிறது. எழுதியது யாராக இருந்தாலும் விளைவு ஒன்றுதான்: வாக்கியம் பிள்ளையின் மூச்சுக்கு மீறி நீளும், சொல் பிள்ளையின் வாய்க்குப் பழக்கமில்லாததாக இருக்கும்.

அளவைக் கவனியுங்கள். இந்த வயதில் ஆங்கிலம் கற்கும் பிள்ளை நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 80 முதல் 100 சொற்கள் வரும். இரண்டு நிமிடத்துக்கு 350 சொற்களை எழுதிக் கையில் கொடுத்தால் மூச்சு விடாமல் ஒப்பிப்பதைத் தவிர வேறு வழியில்லை. தரம் 6, 7க்கு ஒரு நிமிடமே தாராளம்.

எழுத்துக்குப் பதில் ஒரு துண்டு அட்டை கொடுங்கள். கொப்பித் தாளை நான்காக மடித்த அளவு போதும். அதில் ஆறு சொற்கள் மட்டும், வேண்டுமானால் பக்கத்தில் சின்னப் படம். வாக்கியம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் கண் அதில் போய் ஒட்டிக்கொள்ளும்.

பிறகு ஒத்திகை. நியூசிலாந்து மொழிக் கல்வியாளர் போல் நேஷன் 1989இல் எழுதிப் பரவலாக்கிய 4/3/2 என்ற முறை இதற்கு நன்றாகப் பொருந்தும். ஒரே பேச்சை மூன்று வெவ்வேறு ஆட்களிடம், முதலில் 4 நிமிடம், பிறகு 3, பிறகு 2 நிமிடத்தில் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இதை 2 நிமிடம், 90 விநாடி, 60 விநாடி என்று சுருக்கலாம். சோடியில் இருவரும் பேசி ஆளை மாற்றுவதற்கு மொத்தம் 12 நிமிடம் போகும். ஆள் மாறுவதுதான் இதில் முக்கியம். கேட்பவர் புதியவர் என்பதால் மூன்றாவது முறையும் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முதல் சுற்றில் தடுக்கி விழுந்த இடங்கள் மூன்றாவதில் தானாகச் சீராவதைப் பின் வரிசையில் நின்றாலே கேட்கலாம். கேமரா அதற்குப் பிறகு வரட்டும்.

தமிழ் எழுத்தில் எழுதிய ஆங்கிலம்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆங்கில தினப் போட்டிக்குப் போகும் பிள்ளைகளின் கொப்பியில்கூட இது இருக்கிறது. ஆங்கில வரிக்கு மேல் பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். "பேன்" என்று எழுதியாகிவிட்டது. அது அடுப்பில் வைக்கும் சட்டியா, தடையா, மின்விசிறியா? ஆங்கிலத்தில் மூன்றுக்கும் முதல் ஒலி வேறு. தமிழில் ஒரே ப. "கொப்பி கொண்டு வா" என்று ஆங்கிலத்தில் சொன்னதைக் கேட்டு ஒருவர் கோப்பி போடப் போனால் குற்றம் அவருடையதல்ல. ச, ட, க மூன்றிலும் இதே சிக்கல்தான்.

அசை அழுத்தமும் இதில் காணாமல் போகும். எஸ்டேட் என்பதை நாம் முதல் அசையை அழுத்திச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அழுத்தம் இரண்டாம் அசையில். ஃபோட்டோகிராஃப் என்றால் அழுத்தம் முதல் அசை, ஃபோட்டோகிராஃபி என்றால் இரண்டாவது. தமிழ் எழுத்தில் இது தெரியவே தெரியாது. இறந்தகால விகுதியைக் கண்ணால் பார்த்து "வாக்கெட்" என்று சொல்வதும், "இஸ்கூல்" என்று முன்னால் ஓர் இகரம் ஒட்டுவதும் காதால் படிக்காததன் அடையாளம்.

மாற்று வழிக்குச் செலவில்லை. பிள்ளை பயன்படுத்தப்போகும் கடினமான எட்டுப் பத்துச் சொற்களை மட்டும் ஆசிரியர் தன் குரலில் நிறுத்தி நிறுத்திப் பதிவுசெய்து வட்ஸ்அப்பில் குரல் செய்தியாகப் போடலாம். 30 விநாடிக் குரல் செய்திக்கு டேட்டா பெரிதாகப் போகாது. போன் இல்லாத பிள்ளைக்கு இடைவேளையில் வகுப்பிலேயே மூன்று முறை போட்டுக் காட்டலாம்.

இன்னொரு பக்கம், அமெரிக்கக்காரர் மாதிரி நாக்கைச் சுழற்றச் சொல்வதும் வீண் வேலை. சுற்றுலா ஊரான எல்லவில் வழி கேட்கும் வெளிநாட்டுப் பயணிக்கும் கொழும்பில் நேர்முகப் பரீட்சை வைப்பவருக்கும் சொல்வது விளங்கினால் போதும். ஒரு தவணைக்கு இரண்டு ஒலிகள், கூடவே சொல் அழுத்தம் என்று வைத்துக்கொண்டால் அதற்கே நேரம் சரியாகிவிடும்.

தலைப்பு

"என் இலட்சியம்", "ஈஃபில் கோபுரம்" போன்ற தலைப்புகளுக்கு விடை ஏற்கெனவே வழிகாட்டிப் புத்தகத்தில் இருக்கிறது. பிள்ளை ஏன் யோசித்துப் பேச வேண்டும்? கேட்பவருக்குத் தெரியாத, பிள்ளைக்குத் தெரிந்த ஒன்று வேண்டும். மலையகத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை.

கொழுந்து தேயிலையாகும் கதையையே எடுங்கள். மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) நிறுப்பது, ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலை) ஏற்றுவது, வாட்டுவது, உருட்டுவது, நிறம் மாற விடுவது, உலர்த்துவது, சலிப்பது. ஏழு படிகள், ஏழு வாக்கியங்கள். ஆங்கிலத்தில் சொல்லும்போது செயப்பாட்டு வினை தானாக வந்து விழும். அதற்கென்று தனிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. துண்டு அட்டையில் லீஃப், வெய், விதர், ரோல், ட்ரை, ஸிஃப்ட் என்ற ஆறு சொற்களையும் ஆங்கில எழுத்திலேயே எழுதினால் பேச்சு நகர்ந்துவிடும். அட்டையில் இல்லாத படிகளைப் பிள்ளை தானாக நினைவுபடுத்திச் சொல்ல வேண்டியிருப்பது நல்லதே. ரொட்டி தட்டிச் சம்பல் அரைப்பது, தெமோதரை வளைவில் ரயில் தன் பாதைக்கு அடியிலேயே எப்படிப் போகிறது என்பது, மாசியில் நடக்கும் காமன் கூத்தை ஊருக்குப் புதியவருக்கு விளக்குவது எல்லாமே இந்த வகை. ஸ்டோருக்குள் படம் பிடிப்பதாக இருந்தால் தோட்டத் துரையிடம் (முகாமையாளர்) முன்கூட்டியே அனுமதிக் கடிதம் வாங்குங்கள். வாசலில் நின்று காவலாளியிடம் கெஞ்சுவதில் ஒரு பகல் போய்விடும்.

வீட்டில் எடுத்து வரச் சொல்வது

போன் அம்மாவுடையது. அம்மா காலையில் பெரட்டுக்கு (வேலை பிரிக்கும் கூட்டம்) போகும்போது போனும் போய்விடும். மாலையில் அது கைக்கு வரும்போது வெளிச்சம் இல்லை, சிக்னல் இல்லை, அறையில் தம்பி அழுகிறான், பக்கத்து வீட்டு டிவி தகர மறைப்பைத் தாண்டிக் கேட்கிறது. இந்த ஒப்படைக்குப் புள்ளி போட்டால், புள்ளி விழுவது வீட்டு வசதிக்கு.

பாடசாலையிலேயே ஒரு போனில் எடுக்கலாம். 36 பிள்ளைகள் என்றால் நால்வர் வீதம் 9 குழு. குழுவுக்கு 2 நிமிடப் பேச்சு, ஆள் மாற ஒன்றரை நிமிடம். மொத்தம் சுமார் 32 நிமிடம். 40 நிமிடப் பாடவேளைக்குள் அடங்கும். ஒரே எடுப்பு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மீண்டும் மீண்டும் எடுக்கலாம் என்றால் பிள்ளைகள் பிழைக்குப் பயந்து பத்துத் தடவை நிறுத்துவார்கள், பிழையிலிருந்து மீளப் பழக மாட்டார்கள். "லெட் மீ ஸே தட் அகெய்ன்" போன்ற இரண்டு மூன்று தொடர்களை முன்பே வாயில் ஏற்றிவிட்டால் தடுமாற்றம் நின்றுபோவதாக முடியாது.

குழுவில் வரும் வழக்கமான அநியாயம் ஒன்று உண்டு: நன்றாகப் பேசுபவர் எல்லாவற்றையும் பேசுவார், கூச்சப்படும் பிள்ளை கேமராவைப் பிடிக்கும். போனை மேசையில் புத்தக அடுக்கில் சாய்த்து வையுங்கள். கேமராப் பொறுப்பு என்று ஒன்று இருக்கவே வேண்டாம். தேயிலைத் தலைப்பில் ஒவ்வொருவருக்கும் ஒன்றிரண்டு படிகள் மட்டும் தெரியுமாறு பிரித்துக் கொடுத்தால் நால்வரும் பேசாமல் கதை நகராது.

சத்தம், வெளிச்சம்

படம் மங்கினால் பொறுத்துக்கொள்ளலாம், குரல் கேட்காவிட்டால் எல்லாம் வீண். ஆனால் எல்லாரும் படத்தைத்தான் பார்க்கிறார்கள். போனின் மைக் பொதுவாகக் கீழ் விளிம்பில் உள்ள சிறு துளை. போனைப் படுக்கைவாட்டில் பிடிக்கும்போது உள்ளங்கை அதை மூடிவிடும். கம்பளிக்குள்ளிருந்து பேசுவது போல் வருவதற்குக் காரணம் இதுதான். தூரமும் அப்படித்தான்: இரண்டு மடங்கு தள்ளிப் போனால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும், பின்னணி இரைச்சல் மட்டும் குறையாது. ஒரு கை நீளத்துக்குள் இருங்கள். முழு உருவம் தெரிய வேண்டுமென்றால் இரண்டாவது போனைக் குரல் பதிவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்து, தொடக்கத்தில் ஒரு முறை கைதட்டுங்கள். பிறகு அந்தத் தட்டலை வைத்து இரண்டையும் பொருத்தலாம்.

தகரக் கூரையில் மழை விழுந்தால் எந்தக் கருவியாலும் காப்பாற்ற முடியாது. ஆகவே மாதத்தைப் பார்த்துத் திட்டமிடுங்கள். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அங்கே முதலாம் தவணையில் எடுப்பது நல்லது. பதுளை, பண்டாரவளைப் பக்கம் வருட இறுதி மழைதான் தொல்லை. நடு வருடம் காய்ந்திருக்கும், ஆனால் ஜூலை, ஆகஸ்ட்டில் காற்று மைக்கில் அடித்துப் புரட்டும். ஒரு மெல்லிய பருத்தித் துணியை மைக் துளைமேல் ஒற்றையாகச் சுற்றுங்கள், காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்.

மூடுபனிப் பின்னணி அழகுதான். ஆனால் கேமரா அந்த வெள்ளையைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும், பிள்ளையின் முகம் கரிக்கட்டையாகும். ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்தாலும் இதே கதை. ஜன்னல் முகத்துக்கு முன்னால் இருக்கட்டும், அல்லது திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டுங்கள். பெரும்பாலான போன்களில் இது வேலை செய்யும்.

வீடியோவுக்கு 720p தரம் போதும். 1080இல் ஒரு நிமிடம் பல போன்களில் 100 எம்பியைத் தாண்டும். எடுக்கும்போது ஃப்ளைட் மோட் போடாவிட்டால் நடுவில் அழைப்பு வந்து பதிவு அறுந்துபோகும். பொத்தானை அழுத்தி மனதுக்குள் இரண்டு எண்ணிய பிறகே பேச்சைத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் சொல் வெட்டுப்படும்.

மேடை

வீடியோவை விட்டு ஆங்கில மேடை நாடகத்துக்கு வந்தால், அங்கே பணமும் நேரமும் உடுப்புக்குப் போகிறது. ஒரே மைக்கை ஐந்து பேர் கைமாற்றிக்கொண்டு நிற்பதால் நடிப்பே நடப்பதில்லை. இரண்டு மைக்குகளைக் கம்பியில் நிலையாக நிறுத்தி, பேசுபவர் அந்த இரண்டு இடங்களில் ஒன்றுக்கு வந்து பேசும்படி நடையை அமையுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல் இடைவெளி. மண்டபம் எதிரொலித்தால் வேகத்தைக் குறையுங்கள், குரலைக் கூட்டாதீர்கள். கத்தினால் எதிரொலியும் சேர்ந்து கத்தும். ஒரு வசனம் 10 சொற்களுக்கு மேல் போக வேண்டாம். சபை சிரிக்கும்போது அடுத்த வசனத்தைச் சொல்லி அதை மூழ்கடிப்பது பிள்ளைகள் வழக்கமாகச் செய்வது. சிரிப்பு தணியும் வரை உறைந்து நிற்க ஒத்திகையிலேயே பழக்குங்கள்.

புள்ளி

பின்னணி இசையும் பறக்கும் எழுத்துகளும் போட்ட வீடியோவுக்குக் கை தானாகத் தாராளமாகிவிடும். எனவே எடிட்டிங்குக்குப் பூச்சியம் என்று முதல் நாளே கரும்பலகையில் எழுதுங்கள். 20 புள்ளியென்றால் இப்படிப் பிரிக்கலாம்: விளங்கும்படி பேசியதற்கு 6, தாளைப் பார்க்காததற்கு 5, கேள்விக்குப் பதில் சொன்னதற்கு 5, மொழிக்கு 4.

அந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பேச்சு முடிந்ததும், பதிவை நிறுத்தும் முன், ஆசிரியர் எதிர்பாராத கேள்வி ஒன்றைக் கேட்க வேண்டும். "மழை நாளில் கொழுந்தை வாட்ட என்ன செய்வார்கள்?" 20 விநாடிப் பதில்தான், மனப்பாடம் எது, பேச்சு எது என்று அதில் பளிச்சென்று தெரிந்துவிடும். இந்த ஒரு கேள்வி வரும் என்று தெரிந்தாலே மனப்பாடம் செய்து வருவது பாதியாகக் குறையும்.

திருத்தும்போது இருபது பிழையையும் அடுக்காதீர்கள், இரண்டு போதும். அதைவிட நல்லது, பிள்ளையே தன் வீடியோவில் 30 விநாடியைக் கேட்டு, சொன்னது சொன்னபடி கொப்பியில் எழுதுவது. விட்டுப்போன விகுதியும் மூன்று முறை வந்த "அண்ட் தென்"னும் அதன் கண்ணுக்கே படும்.

வீடியோவை வகுப்புக்கு வெளியே போடுவதாக இருந்தால் பெற்றோரின் எழுத்து மூல சம்மதம் வேண்டும். பெயர்ப் பட்டியோ பாடசாலைச் சின்னமோ தெரியும் வீடியோ பேஸ்புக்கிலோ டிக்டொக்கிலோ போகக் கூடாது. மலையில் கொழுந்து பறிப்பவர்களைப் படம் பிடிக்கும் முன் அவர்களிடமும் கேட்க வேண்டும், அது சொந்த அம்மாவாக இருந்தாலும். கோப்பைப் பாடசாலைக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினால் சுருங்கித் தரம் கெடும், டேட்டாவும் போகும். கேபிளில் கணினிக்கு ஏற்றி, தவணை வாரியாக ஃபோல்டர் போட்டு வையுங்கள். முதலாம் தவணை வீடியோவையும் மூன்றாம் தவணை வீடியோவையும் அடுத்தடுத்து ஓட்டிக் காட்ட அது தேவைப்படும்.