புழுவுக்கு மருந்து வைக்கும் முன்: பார்க்கின்சன் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோபாலபுரம் தாண்டி, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கும் எங்கள் ஆய்வகத்துக்கு பொள்ளாச்சியிலிருந்து தினமும் ஒரு மாணவி வருகிறாள். போன வாரம் நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்து, "சார், துளசிச் சாறு கொடுத்த புழுவுல புள்ளியே கம்மியாயிடுச்சு" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. புழு வளரும் பிளேட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். புழு தின்னும் பாக்டீரியாப் படலம் பாலாடை போல் வெளுப்பாக இருக்க வேண்டிய இடத்தில், அடியிலிருக்கும் அகார் கூழ் கண்ணாடியாகத் தெரிந்தது.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏழு மாத உழைப்பை நான் இழந்தது இதே இடத்தில்தான்.

சாறு முதலில் தொடுவது புழுவை அல்ல, அதன் சாப்பாட்டை

சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்பது 1 மில்லிமீட்டர் புழு. அதற்கு 302 நரம்பணுக்கள். பார்க்கின்சன் நோயில் அழிவது டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள்; புழுவில் அவை 8 மட்டும். நோயாளிகளின் நரம்பணுக்களில் கட்டியாகச் சேரும் ஆல்பா சைனூக்ளின் என்ற புரதம் புழுவுக்கு இயல்பாகக் கிடையாது. மனித மரபணுவைப் புகுத்தி, ஒளிரும் புரதத்தோடு ஒட்டவைத்து, தசையில் உருவாகும் கட்டிகளைப் புள்ளிகளாக எண்ணுகிறோம்.

நான் அன்று எடுத்தது கொய்யா இலைச் சாறு. புள்ளிகள் சரசரவென்று குறைந்தன, புழுக்கள் கூடுதல் நாள் உயிரோடு இருந்தன. வயிற்றுப்போக்குக்குக் கொய்யாக் கொழுந்தை மென்று தின்னச் சொல்லும் வீட்டில் வளர்ந்தவன் நான். பாக்டீரியாவை அடக்கும் குணம் அந்த இலைக்கு உண்டென்று தெரிந்தும், புழு தின்பதே உயிருள்ள ஈ.கோலை என்பதை அதோடு சேர்த்து யோசிக்கவில்லை. சாறு பாக்டீரியாவை முடக்கியது. புழு அரைவயிறு தின்றது. அரைவயிற்றுப் புழு நீண்ட நாள் வாழும், அதில் புரதக் கட்டியும் குறையும். பட்டினியின் பலனை நான் இலையின் கணக்கில் எழுதிவிட்டேன். கொன்ற பாக்டீரியாவில் திரும்பச் செய்தபோது வித்தியாசம் காணாமல் போனது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பாக்டீரியா சாகாமலே அதன் வேலை மாறலாம். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மருந்து புழுவின் ஆயுளை நீட்டுவது, பாக்டீரியாவின் ஃபோலேட் (ஒரு பி வைட்டமின்) வளர்சிதை மாற்றத்தைக் குலைப்பதன் வழியாக என்று 2013-இல் காட்டினார்கள்.

இதைத் தவிர்க்க ஒரு நாள் போதும். சாறு கலந்த திரவத்தில் பாக்டீரியாவை வளர்த்து 600 நானோமீட்டர் ஒளியில் கலங்கலை அளந்து பாருங்கள். அப்புறம் சூட்டிலோ புற ஊதா ஒளியிலோ கொன்ற பாக்டீரியாவில் சோதனையை ஒருமுறை ஓட்டுங்கள். கன்ட்ரோல் புழுவுக்கும், அதாவது ஒப்பிட வைக்கும் சாறு கொடுக்காத புழுவுக்கும், அதே சாப்பாடுதான். தொண்டைத் துடிப்பையும் எண்ணுங்கள். நன்றாகத் தின்னும் இளம் புழுவுக்கு நிமிடத்துக்கு 200-க்கு மேல் இருக்கும்.

கரைப்பான்

சாற்றைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ. திரவம் சாற்றோடு போனால் கன்ட்ரோலுக்கும் அதே அளவு போக வேண்டும்.

நச்சையும் மருந்தையும் ஒரே குழாயில் கலப்பது

டோபமைன் நரம்பணுக்களைக் கொல்ல நாம் கொடுக்கும் நச்சான 6-ஹைட்ராக்ஸிடோபமைன் காற்று பட்டாலே ஆக்ஸிஜனேற்றமாகிவிடும். ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் சாறு அதோடு குழாயிலேயே வினைபுரியலாம். அப்போது நரம்பணு பிழைத்ததற்குக் காரணம் புழுவுக்குள் நடந்ததா, வெளியே நடந்ததா என்று சொல்லவே முடியாது. சாற்றை முதலில் கொடுத்து, கழுவிவிட்டு, பிறகு நச்சைக் கொடுங்கள்.

குர்குமின்

மஞ்சளிலுள்ள இந்தப் பொருள் தானே ஒளிரும்; அந்த ஒளி புள்ளிகளின் ஒளியோடு குழம்பும். மருந்தில்லாத புழு, குர்குமின் கொடுத்தும் ஒளிரும் புரதமில்லாத புழு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பூனைக்காலி

மலையாளத்தில் நாய்க்குரணை. விதையிலேயே லெவோடோபா இருக்கிறது; உடலில் டோபமைனாக மாறும் பார்க்கின்சன் மருந்து அது. புழுவின் அசைவு மாறினால் அது டோபமைன் ஏறியதால் மட்டுமே இருக்கலாம். நரம்பணு காப்பாற்றப்பட்டது என்று எழுத, அந்த 8 அணுக்களை எண்ணித்தான் ஆக வேண்டும்.

வெயில்

பாலக்காட்டுக் கணவாயின் மார்ச் வெயிலில், வெப்பநிலையைக் காக்கும் இன்குபேட்டர் பெட்டியை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். புழுவுக்கு 20 டிகிரி சௌகரியம். இரவு மின்சாரம் போய் அறை 35-ஐத் தொட்டால் சூட்டிலிருந்து அணுவைக் காக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் எழும்பும். அவையே கட்டியைக் குறைக்கும். அந்த பிளேட்டுகளைத் தூக்கிப் போடுங்கள், மனது கேட்காது, இருந்தாலும் போடுங்கள்.

அந்த மாணவி நேற்று கொன்ற பாக்டீரியாவில் புது பிளேட் போட்டாள். வெள்ளிக்கிழமை எண்ணுகிறோம்.