இணையவழிப் பாத்திர விளையாட்டுக்கு உயிரூட்டுவது எப்படி?

ஒவ்வொருவரும் ஒரு கற்பனைப் பாத்திரமாகிப் பலர் சேர்ந்து ஆடும் இணையவழிப் பாத்திர விளையாட்டை உருவாக்க முனைபவர், வரைகலைக்கும் ஆயுதப் பட்டியலுக்கும் முன்பாக, ஆடுபவர் இன்னொருவரை எதற்காகத் தேடிப் போவார் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும்; என் கணிப்பில் இவ்வகை விளையாட்டின் உயிர் அந்தத் தேவையில்தான் இருக்கிறது.

1999-இல் வெளிவந்த எவர்குவெஸ்ட் என்ற இவ்வகை விளையாட்டு இதற்கு நல்ல பாடம். அதன் தொடக்க ஆண்டுகளில் பாத்திரம் இறந்தால், அணிந்திருந்த கவசமும் ஏந்திய வாளும் விழுந்த இடத்திலேயே உடலோடு கிடக்கும். வெறுங்கையோடு வேறிடத்தில் உயிர்த்தெழுபவர், அரக்கர்கள் உலவும் அதே நிலவறைக்குள் மீண்டும் இறங்க, பெரும்பாலும் யாரிடமாவது துணை கேட்க வேண்டியிருந்தது. முன்பின் தெரியாத ஒருவர் தம் வேட்டையை நிறுத்திவிட்டு உடன் வந்தால், அங்கே நட்பு தொடங்கிவிடும்.

ஆகவே இழப்பு உறைக்கும்படி அமையுங்கள். ஆனால் மீட்கும் வழியைப் பிறர் கையில் வையுங்கள். இந்த இரண்டாவது பாதி இல்லாவிட்டால் மிஞ்சுவது வெறும் தண்டனைதான். காத்திருக்கும் நேரத்தையும் முற்றாக ஒழித்துவிடாதீர்கள்: எவர்குவெஸ்டில், செலவான மந்திர ஆற்றல் மீண்டும் ஊறிவரும்வரை தரையில் அமர்ந்திருந்த நிமிடங்களில்தான் குழுவினர் பேசிப் பழகினார்கள்.

சந்தையும் அப்படியே. அதே விளையாட்டின் ஈஸ்ட் காமன்லேண்ட்ஸ் என்ற பகுதியிலுள்ள சுரங்கப்பாதையில் கூவிக் கூவிப் பேரம் பேசி, அதைச் சந்தையாக்கியவர்கள் ஆட்டக்காரர்களே. அத்தகைய இடத்தை முன்கூட்டியே கட்டித் தர முடியாது. பல ஊர்ப் பாதைகள் சந்திக்கும் ஆபத்தில்லாத மூலை ஒன்றை விட்டுவைத்து, சோதனை ஆட்டத்தில் யார் அங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள்.