சேலம் என்று தேடினால் அமெரிக்கா வருகிறது: நூலகப் பட்டியலோடு இணையத் தரவைச் சேர்க்கும்போது செய்யக் கூடாதவை

சேலத்தின் வரலாறு பற்றிப் புத்தகம் தேடும் ஒரு கல்லூரி மாணவிக்கு நூலகக் கணினி 1692-ல் நடந்த சூனியக்காரி வழக்குகள் பற்றிய ஆங்கில நூலை எடுத்து நீட்டினால், அவர் அந்தக் கணினிப் பக்கம் மறுபடி வர மாட்டார். அந்த வழக்குகள் நடந்ததும் ஒரு சேலத்தில்தான், ஆனால் அது அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருக்கிறது. ஓரிகன் மாநிலத்தின் தலைநகருக்கும் அதே பெயர். ஊர்ப் பெயரை மட்டும் நம்பி வெளித் தரவை இழுத்தால் இந்த மூன்று ஊரும் ஒன்றாகிவிடும்.

இணையத் தரவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரே ஒரு நூலகர் இருக்கும் கிளை நூலகத்தில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் அட்டைப் படம், ஆசிரியர் குறிப்பு, பொருள் தலைப்பு எல்லாம் கையால் ஏற்றிக்கொண்டிருக்க முடியாது. ஓப்பன் லைப்ரரி என்னும் இணையப் புத்தகப் பட்டியல், கூகுள் புக்ஸ், விக்கிப்பீடியாவின் துணைத் தரவுத்தளமான விக்கித்தரவு, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், பழைய தமிழ் நூல்களை மின்வடிவில் தந்து 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம் என்று எடுத்துக்கொள்ள எத்தனையோ இருக்கின்றன. வாசகருக்கு இதனால் உண்மையிலேயே பயன் உண்டு. ஆனால் இந்த மூலங்களில் பலவும் ஆங்கிலப் புத்தகங்களை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. தமிழ் அடுக்கோடு பொருத்தும் வேலையை நாம்தான் பார்த்துச் செய்ய வேண்டும்.

அதிகமாகச் சறுக்கும் இடம் ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்தை அடையாளம் காட்ட அதில் அச்சிடும் எண். 2007 ஜனவரிக்கு முன் அது பத்து இலக்கம், பிறகு பதின்மூன்று. பழைய எண்ணின் முன்னால் 978 போட்டால் புதிய எண் ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. பத்து இலக்க எண்ணில் அது 11-ஐ வைத்துக் கணக்கிட்டு வருவது, அது பத்தாக வந்தால் ஒரே இலக்கத்தில் எழுத முடியாது, அதனால்தான் சில எண்களின் முடிவில் எக்ஸ் நிற்கிறது. பதின்மூன்று இலக்கத்தில் ஒன்றும் மூன்றுமாக மாறி மாறிப் பெருக்கிக் கூட்டி, 10-ஐ வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஆகவே பழைய கடைசி இலக்கத்தைத் தள்ளிவிட்டுப் புதிதாகக் கணக்கிட வேண்டும். இன்னொரு தொல்லை எக்செல். பட்டைக்குறியை ஸ்கேன் செய்த கட்டத்தை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று மாற்றி வைக்காவிட்டால், பதின்மூன்று இலக்க எண்ணை அது 9.78 என்று தொடங்கும் அடுக்கு எண்ணாகச் சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் பின் இலக்கங்கள் போனது போனதுதான். பூஜ்யத்தில் தொடங்கும் பத்து இலக்க எண்ணின் முதல் பூஜ்யமும் காணாமல் போகும்.

எண்ணைச் சரியாக ஏற்றினாலும் வேலை முடிவதில்லை. பல பாகங்களுக்கு ஒரே எண் இருக்கலாம், ஒரு பதிப்பகம் பழைய எண்ணையே வேறொரு நூலுக்குப் போட்டிருக்கலாம். 1970-க்கு முந்தைய தமிழ்ப் புத்தகங்களுக்கோ எண்ணே கிடையாது. நம் நூலகங்களில் மிக அரிய புத்தகங்கள் அவைதான். எண் ஒத்துப்போனால் தலைப்பையும் ஆசிரியரையும் ஒப்பிட்ட பிறகே இணைக்க வேண்டும். எண் இல்லாதவற்றைத் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு நான்கையும் பார்த்து ஒரு மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அந்த ஒப்பீட்டையே கெடுக்கும் சங்கதி ஒன்று எழுத்துக்குள் ஒளிந்திருக்கிறது. திரையில் 'கொ' ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் எழுத்துகளுக்கான உலகக் குறியீட்டு முறையான யூனிகோடில் அந்தக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். நேராக ஒப்பிடும் கணினிக்கு இவை வெவ்வேறு சொற்கள். தரவு உள்ளே வரும்போதே யூனிகோடு இயல்பாக்கம் செய்தால், அதாவது எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றினால், இது தீரும். ஆனால் 'கௌரி' என்பதைக் கொம்பும் ள எழுத்துமாகத் தட்டியிருந்தால் இயல்பாக்கம் அதைத் தொடாது, தனியாகத் தேடித் திருத்த வேண்டும். யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் ஏற்றிய பட்டியல் என்றால் நிலைமை இன்னும் மோசம். எழுத்துருவை எடுத்துவிட்டால் 'சேலம்' என்ற சொல் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியுமாக நிற்கும். அதை மாற்றாமல் எந்த மூலத்தோடும் இணைக்க முயல வேண்டாம்.

ஆசிரியர் பெயர் இன்னொரு கண்ணி. 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவரின் பெயரைப் பாருங்கள்: ராஜாஜி, இராஜாஜி, சி. ராஜகோபாலாச்சாரி, சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார். எல்லாம் ஒருவரே. அவர் தொடங்கிய திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் பணியாற்றிய கல்கியை எடுத்துக்கொண்டால் தலைகீழ்ச் சிக்கல். அந்தப் பெயரில் எழுத்தாளரும் இருக்கிறார், பத்திரிகையும் இருக்கிறது, அவதாரமும் இருக்கிறது. பெயரை வைத்துப் பொருத்தினால் எழுத்தாளரின் பக்கத்தில் வெள்ளைக் குதிரைப் படம் வந்து உட்காரும். விக்கித்தரவிலும், வயாஃப் என்னும் உலக ஆசிரியர் பெயர்க் கோப்பிலும் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் உண்டு. அந்த எண்ணை நம் பதிவில் ஒருமுறை சரியாக ஏற்றிவிட்டால் எல்லா எழுத்துக்கூட்டலும் அதன் கீழ் வந்து சேரும். முன்னெழுத்தையும் தொலைத்துவிடக் கூடாது. கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும் மென்பொருள், நம்மவர்களின் பெயரையும் தந்தை பெயரின் முன்னெழுத்தையும் இடம் மாற்றிப் போடும்.

ஊர்களுக்கும் இதே முறைதான். 1918-ல் வெளிவந்த சேலம் மாவட்டக் கெசட்டியர் ஓசூரையும் கிருஷ்ணகிரியையும் சேர்த்துப் பேசுகிறது. தர்மபுரி பிரிந்தது 1965-ல், நாமக்கல் 1997-ல். பழைய நூலுக்கு இன்றைய எல்லையை ஒட்டினால் கிருஷ்ணகிரி பற்றித் தேடுபவருக்கு அந்த நூல் கிடைக்காமலே போகும். மலையைத் தேடுகிறவர்கள் ஏற்காடு என்பார்கள், சேர்வராயன் மலை என்பார்கள், ஆங்கில வழியில் ஷெவராய் என்பார்கள். மூன்றில் எதைத் தட்டினாலும் ஒரே அடுக்குக்கு வர வேண்டும்.

ஏற்காட்டு மலையில் ஒரு பள்ளி நூலகத்துக்கு இதைச் செய்வதானால், வாசகர் தேடும் அந்த நொடியில் வெளித் தளத்தைக் கூப்பிடும் அமைப்பு வேண்டவே வேண்டாம். மழை நாளில் இணைப்பு போனால் பட்டியலும் சேர்ந்து போய்விடும். இரவில் தரவை இறக்கி, கோஹா போன்ற நூலக மென்பொருளில், உள்ளூர்க் கணினியிலேயே வைத்துவிடலாம்.

நூலகர் எழுதிய பதிவின் மேல் வெளித் தரவு எழுத அனுமதிக்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கையில் இருக்கும் புத்தகத்தின் தலைப்புப் பக்கம் சொல்வதே இறுதி. இறக்கிய தகவல் தனிக் கட்டத்தில், எங்கிருந்து எந்தத் தேதியில் வந்தது என்ற குறிப்போடு இருக்கட்டும். தவறு தெரிந்தால் அதை மட்டும் கழற்றலாம். உரிமையும் மூலத்துக்கு மூலம் வேறு. விக்கித்தரவை யாரும் தடையின்றி எடுக்கலாம், அட்டைப் படம் அப்படியல்ல. நாட்டுடைமையாக்கப்பட்ட நூலுக்கும், ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு ஆகாத மற்ற நூலுக்கும் ஒரே மாதிரி 'இங்கே படிக்கலாம்' இணைப்பு கொடுக்க முடியாது.

வாசகர் எடுத்துப்போன புத்தக விவரத்தை எந்த வெளித் தளத்துக்கும் அனுப்பக் கூடாது, பரிந்துரை செய்யக்கூட. 2023-ம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லாரையும் குழந்தை என்றே கருதுகிறது, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. அட்டைப் படத்தை வெளித் தளத்திலிருந்து நேராகக் காட்டுவதும் ஒருவகைக் கசிவுதான். எந்தக் கணினியில் எந்தப் புத்தகத்தைப் பார்க்கிறார்கள் என்பது அந்தத் தளத்துக்குத் தெரிந்துவிடும். நோயைப் பற்றியோ குடும்பச் சிக்கலைப் பற்றியோ ஒருவர் தேடும் புத்தகம் அவருக்கும் நூலகத்துக்கும் இடையிலானது.

தொடங்குவதற்கு உள்ளூர் அடுக்கை எடுங்கள். கோயில் தல வரலாறு, பள்ளிப் பொன்விழா மலர், சேலத்துச் சிறு பதிப்பகங்கள் போட்ட கவிதை நூல்கள். இவற்றில் பெரும்பாலானவை வெளி மூலம் எதிலும் அகப்படாது. வாசகர் வட்டத்தில் விவரம் தெரிந்த இரண்டு பேரை உட்கார வைத்து, தலைப்புப் பக்கத்தைப் பார்த்துப் பதிவு செய்து, ஓப்பன் லைப்ரரியிலும் நாமே ஏற்றிவிடலாம். அங்கே யாரும் கணக்குத் தொடங்கிப் புத்தகம் சேர்க்கலாம், காசு கிடையாது.